புதன்கிழமைச் சூதாட்டம்

1

எங்கள் மண்டபத்துக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். அங்கே அலுமாரியில் இருந்த விளையாட்டுப் பெட்டிகள் எல்லாம் ஒரு மாதத்துக்கு என் வீட்டில் அகதிகளாகத் தங்கியிருக்கின்றன. தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு அடுக்கு, யன்னலோரம் ஒரு அடுக்கு, சப்பாத்துக் கழற்றும் இடத்தில் ஒரு அடுக்கு. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பெட்டி மட்டும் இவற்றோடு வந்ததல்ல. அது இந்த வீட்டுப் பெட்டி. அதன் கதை கடைசியில் வரும்.

நேற்று தங்கராசா அண்ணன் வந்தார். களுவாஞ்சிக்குடிக்காரர். இந்தச் சுவிஸ் ஊரில் கருவாடும் அப்பளமும் ஊருக்குப் பேசுகிற போன் காட்டும் விற்கும் ஒரேயொரு கடை அவருடையது. உள்ளே வந்தவர் கால் வைக்க இடமில்லாமல் ஒற்றைக் காலில் நின்றார்.

"என்ன தம்பி, எனக்குப் போட்டியாக் கடை போடப் போறியா?"

"இல்லண்ண. விளையாட்டுப் பெட்டி."

"இன்னும் இந்தச் சூதை விடல்லையா நீ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இதே கேள்வியை ஒரு காலத்தில் சிரிக்காமல் கேட்டார். அது போன் காட் வழியாகக் கடல் தாண்டி இலங்கையில் என் ஊரான வாகரைக்குப் போய்ச் சேர்ந்து, என் மனைவியும் பிள்ளையும் என்னிடம் வருவார்களா மாட்டார்களா என்ற இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஊரில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லவேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பேசச் சொன்னால் வாய் வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

2

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அடுத்த வருடம் நான் இங்கே வந்தேன். தோணியும் வலையும் போய்விட்டன. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. மனைவி இராசமணியையும் இரண்டு வயது மகளையும் அவளுடைய தாயாரோடு விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வந்தேன். ஒரு வருடம் ஐந்து வருடமாக நீண்டது. அதற்குள் அவர்கள் சண்டைக்குள் அகப்பட்டு, காட்டு வழியாக நடந்து, அகதிக் காம்பில் இருந்து, திரும்ப வாகரைக்கு வந்து, நிறுவனம் ஒன்று கட்டிக் கொடுத்த கதவில்லாத வீட்டில் குடியிருந்தார்கள். நான் இங்கே கோப்பை கழுவினேன்.

முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. மதியச் சாப்பாட்டை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். சுவர் கேள்வி கேட்காது. அங்கே தாதியாக இருந்த உர்சுலா ஓய்வுபெறப் போகிற வயதுக்காரி. ஒரு நாள் வந்து என் பக்கத்தில் தானும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இதில் ஒன்றும் இல்லையே. புதன்கிழமை என்னோடு வா," என்றாள்.

கூட்டிக்கொண்டு போன இடம் தேவாலயத்துக்குக் கீழே இருந்த மண்டபம். கோயில் என்பதால் வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஆறேழு பேரும் முதலில் என் காலைப் பார்த்தார்கள். காலில் மாட்டியிருந்த மேசில் ஓட்டை. திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தால் உர்சுலா வாசலை அடைத்துக்கொண்டு குனிந்து தன்னுடைய சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த புதன் எல்லாரும் கழற்றினார்கள். இன்றுவரைக்கும் அந்த மண்டபத்தில் வெறுங்காலோடுதான் விளையாட்டு. இது சுவிஸ் வழக்கம் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள்.

மேசையில் ஒரு தீவு விரித்திருந்தது. அட்டைத் துண்டுகளால் செய்த தீவு. காடு, வயல், மேய்ச்சல் நிலம், களிமண் கிடங்கு. தாயக்கட்டை உருட்ட உருட்ட, நம்முடைய நிலத்துக்கேற்றபடி மரமோ நெல்லோ ஆடோ செங்கல்லோ கிடைக்கும். எல்லாம் விரல் நுனி அளவு மரத்துண்டுகள். அவற்றை ஒருவரோடு ஒருவர் மாற்றி, றோட்டுப் போட்டு, வீடு கட்டவேண்டும். அவர்கள் நெல் என்று சொல்லவில்லை, கோதுமை என்றார்கள். எனக்கு அது நெல்தான்.

அந்த மேசையில் யாரும் நீ ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம், "உன்னிடம் ஆடு இருக்கிறதா?" இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு உடனே பதில் சொன்னேன்.

3

முதல் சண்டையும் அந்தத் தீவில்தான் வந்தது. வாகரையில் கரைவலை இழுத்து மீனைக் கொட்டியதும், கயிற்றில் கைவைத்தவர்களுக்கெல்லாம் பங்கு. கை வைக்காமல் சும்மா வந்து நின்றவருக்கும் இரண்டு மீன் கிடைக்கும். அதற்குக் 'கறிக்கு' என்று பெயர். கறிக்குக் கொடுப்பதற்குக் கணக்கில்லை, நன்றியுமில்லை. ஒருவன் வெறும் பையோடு நிற்கும்போது பார்த்தும் பாராமல் போவது எங்களுக்கு வராது.

மேசையில் உர்சுலா வெறும் கையோடு இருந்தாள். என்னிடம் செங்கல் குவிந்து கிடந்தது. ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன்.

"என்ன வேண்டும் அதற்கு?" என்று உர்சுலா கேட்டாள்.

"ஒன்றும் வேண்டாம்."

மேசை நின்றுவிட்டது. அந்த விளையாட்டுக் கழகத்தை நடத்துபவர் வெர்னர், ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்பது வருடமாக ஒரு கடிதத்தையும் பிழையான வீட்டில் போடாதவர். விதிப் புத்தகத்தை எடுத்துத் தேடினார். சும்மா கொடுக்கலாம் என்றும் அதில் இல்லை. கொடுக்கக்கூடாது என்றும் இல்லை. இப்படி ஒருவன் வருவான் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கவில்லை. அந்தச் செங்கல்லால் உர்சுலா வென்றாள். வெர்னர் கழுத்துவரைக்கும் சிவந்துபோனார்.

"நீ ஏன் கொடுத்தாய்?"

எனக்கு அப்போது தெரிந்த ஜேர்மன் பாஷையில் கறிக்கு என்பதை விளங்கப்படுத்த வழியில்லை. "அவளுக்குக் கறி," என்றேன். வெர்னர் செங்கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த புதனும் கொடுத்தேன். அதற்கடுத்த புதன் வெர்னருக்கே கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் விதிப் புத்தகத்தை அதன் பிறகு என் கைக்கு எட்டாத தூரத்தில்தான் வைத்தார்.

4

அந்த மேசையில் நான் படித்த பாஷைதான் எனக்கு வந்த பாஷை. ஜேர்மன் வகுப்புக்கும் போனேன். அங்கே ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கச் சொல்லித் தந்தார்கள். அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சப்பட்டு நடந்தே போய்விடுவேன்.

குடும்பத்தைக் கூப்பிட மனுப்போட்டதும் குடிவரவுக் கந்தோரில் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டுப் பேசினா. இந்த நாட்டு ஆட்களோடு கலந்து வாழ்கிறேனா என்று பார்க்கவேண்டுமாம். ஊரில் சண்டை முடிந்திருந்த நேரம். சண்டைதான் முடிந்துவிட்டதே, நீயே திரும்பிப் போகலாமே என்று கேட்டுவிடுவாவோ என்று அதற்குப் பதிலை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவ கேட்டது வேறு.

"வேலை இல்லாத நேரம் என்ன செய்வீர்கள்?"

தெரிந்த பாஷை தானாக வாயில் வந்தது. "றோட்டுப் போடுவேன். இப்போது இரண்டு கிராமம் இருக்கிறது. மூன்றாவதுக்கு நெல் காணாது."

அம்மா பேனையைக் கீழே வைத்தா. "நீங்கள் சமையலறையில் வேலை செய்வதாக அல்லவா இருக்கிறது?"

"ஓம். றோட்டு, புதன்கிழமையில் மட்டும்."

"யாரோடு?"

"வெர்னரோடு. அவர் என்னுடைய றோட்டை மறிப்பார்."

அந்த அம்மா றோட்டு, கிராமம், நெல் என்று விரல் மடித்து எண்ணினா. பிறகு அவவுடைய முகம் விரிந்தது. தன்னுடைய மாமியார் வீட்டிலும் அதே தீவு இருக்கிறதாம். மாமியார் நெல்லைப் பதுக்குவாவாம். பிறகு மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் பேசினா. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசுகிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தா.

5

இதற்கிடையில் மற்றப் பெட்டிகளும் பழகின. பெட்டியில் உள்ள பெயர்கள் என் நாக்கில் நிற்காது. நான் வைத்த பெயர்களைச் சொல்கிறேன்.

ஒன்று 'வட்டை'. ஊரில் வயல்வெளியை அப்படித்தானே சொல்லுவோம். உழுது, விதைத்து, வேலி போட்டு, மாடு வளர்க்கும் விளையாட்டு. ஒவ்வொரு அறுவடைக்கும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சோறு போடவேண்டும். போடாவிட்டால் பிச்சைச் சீட்டு ஒன்று தருவார்கள். மற்றவர்கள் அதை வாங்கும்போது விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அதை வாங்கினால் கவிழ்த்து வைத்துவிடுவேன். மூன்று மணி நேரம் இப்படி விளையாடிவிட்டு எழும்பும்போது, முழுநாள் வேலை செய்து சம்பளம் வாங்காமல் வீட்டுக்குப் போவதுபோல இருக்கும். ஆனாலும் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். என்னுடைய வேலி கோணாது. வெள்ளாண்மையை யானை தின்னாது. வெல்லாவெளியில் வயல் செய்கிற என் மைத்துனனுக்கு இதைச் சொன்னேன். யானை இல்லாத வயலும் ஒரு வயலா என்று கேட்டான்.

இன்னொன்றை வெர்னர் எனக்குக் காட்டாமல் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். துடைக்கப்போன இடத்தில் நான்தான் கண்டெடுத்தேன். அதுவும் ஒரு தீவுதான். ஆனால் கடல் ஏறிக்கொண்டே வரும். தீவு துண்டு துண்டாகத் தாழும். எல்லாரும் ஒரே கட்சி. தாழுமுன் நான்கு பொக்கிஷங்களையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து தப்பவேண்டும். நான் பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். என் ஊரைக் கடல் கொண்டுபோனது அவர்களுக்குத் தெரியும். உர்சுலா என் தோளில் கைவைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"விளையாடுவோம்," என்றேன்.

கடல் ஒரு துண்டைத் தின்றது. நான் என்னுடைய ஆளைத் தூக்கி நேரே மேட்டில் வைத்தேன். வெர்னருடைய ஆளையும் மேட்டில் வைத்தேன். எனக்கு விழுந்த சீட்டுக்கு மற்றவர்களுடைய ஆளையும் நகர்த்தலாம்.

"பொக்கிஷம்!" என்றார் வெர்னர். "நான் அதற்குப் பக்கத்தில் நின்றேன். ஒரே ஒரு அடி."

"விடு. மேலே வா."

"அதை எடுக்காவிட்டால் தோல்வி."

"விடு."

எல்லாரையும் மேட்டில் ஏற்றிவிட்டேன். தீவு தாழ்ந்தது. பொக்கிஷம் நான்கும் தாழ்ந்தன. வெர்னர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, தோல்வி என்றார். நான் எண்ணிக் காட்டினேன். ஐந்து பேர் இறங்கினோம், ஐந்து பேரும் மேட்டில் நிற்கிறோம், தோல்வி எங்கே? மூன்று புதன் விளையாடினோம். மூன்றும் தோல்வி. எனக்குக் கை வேறு மாதிரிப் போகாது. அன்றைக்குக் கடல் உள்ளே இழுத்தபோது, நாங்கள் எல்லாரும் மேட்டுக்கு ஓடினோம். என் அண்ணன் மட்டும் தோணி எஞ்சினை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிப் போனான்.

அதை நான் மண்டபத்தில் சொல்லவில்லை. நாலாவது புதன், நன்றாக விளையாடத் தெரியாதவனை வைத்து என்ன செய்வது என்று வெர்னர் பெட்டியைத் திரும்ப அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். எனக்கும் அது நல்லதாகப் பட்டது.

6

தங்கராசா அண்ணன் ஒரு புதன்கிழமை மண்டபத்து யன்னலால் எட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளைக்காரர்கள் வட்டமாக இருக்கிறார்கள், நடுவில் தாயக்கட்டை உருளுகிறது, கையில் சீட்டு இருக்கிறது, ஒரு கிழவர் மேசையில் குத்துகிறார், நான் சிரிக்கிறேன். நான் சிரித்து அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியிருக்கவேண்டும்.

என் மனைவிக்கு இதைவிடக் கெட்ட செய்தி சொல்ல முடியாது. அவளுடைய அப்பா சீட்டு விளையாடித் தோணியைத் தோற்றவர். அப்பா தோற்ற தோணி அடுத்த நாள் வேறொருவனுடைய பெயரோடு கடலுக்குப் போனதைக் கரையில் நின்று பார்த்தவள் அவள். என்னைக் கட்டும்போது அவள் கேட்ட ஒரே கேள்வி, சீட்டுப் பிடிப்பீங்களா என்பதுதான். இல்லை என்றேன். உண்மையும் அதுதான். மூன்று பேர் சேர்ந்து இருக்கும் இடத்துக்கே நான் போகமாட்டேன்.

போன் வந்தது.

"இஞ்சேருங்க, நீங்க புதன்கிழமையில சூது விளையாடுறீங்களாம். மெய்யா?"

"சூதில்ல புள்ள. விளையாட்டு."

"என்னத்த வச்சு?"

"ஆடு, செங்கல், மரம், நெல்லு."

 லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஆட்டையும் வச்சிட்டீங்களா?"

"மெய்யான ஆடில்ல. மரத்தில செஞ்ச ஆடு. ரெண்டு ஆடு குடுத்தா ஒரு செங்கல் தருவாங்க."

"செங்கல் என்னத்துக்கு?"

"றோட்டுப் போட."

"ஆர்ர றோட்டு?"

"என்ர றோட்டு."

"மறுகா?"

"மறுகா வீடு கட்டலாம்."

"இஞ்ச வீட்டுக்குக் கதவில்ல. வாசலுக்குச் சாக்குத் தொங்குது. நீங்க அங்க வீடு கட்டுறீங்களா?"

"அது விரல் நுனியளவு வீடு, புள்ள."

"வெண்டா என்ன கிடைக்கும்?"

"ஒண்டும் கிடைக்காது."

"தோத்தா?"

"ஒண்டும் போகாது."

"ஒண்டும் கிடைக்காம, ஒண்டும் போகாம, வளந்த மனிசர் ஒரு மேசையச் சுத்தி இருக்கிறீங்க. பொய்யெண்டாலும் கொஞ்சம் பொருத்தமாச் சொல்லுங்க. எங்கட அப்பாவும் முதல்ல விளையாட்டெண்டுதான் சொன்னவர்."

போனை வைத்துவிட்டாள். அடுத்த முறை எடுத்தபோது, விசா வந்தாலும் தான் வரப்போவதில்லை என்றாள். ஐந்து வருடமாகக் கந்தோர் கந்தோராக நான் ஏறி இறங்கியது இதற்குத்தானா என்று கேட்க நினைத்தேன். "ம்" என்று மட்டும் சொன்னேன்.

வாயால் விளங்கப்படுத்த முடியாததைக் கண்ணால் காட்டுவோம் என்று, புதிதாக ஒரு தீவு வாங்கித் தபாலில் அனுப்பினேன். இது என் சொந்த யோசனை. யாரையும் குறை சொல்ல முடியாது.

பெட்டி வாழைச்சேனைத் தபாற்கந்தோருக்குப் போனது. இராசமணி மகளோடு போய் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். வழியில் ஆமிச் சென்றியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தீவின் வரைபடம். றோட்டு, வீடு, காடு எல்லாம் அடையாளம் போட்டிருக்கிறது. விளக்கமெல்லாம் வெள்ளைக்காரப் பாஷையில். சண்டை முடிந்து மாதங்கள்கூட அதிகம் ஆகாத நேரம்.

மிச்சத்தை அவள் போனில் சொன்னாள். சொல்லும்போதே மூச்சு வாங்கியது.

"ஆமிக்காரன் கேக்கிறான், இது எந்த இடமெண்டு. எனக்குத் தெரியுமா? என்ர மனிசன் அனுப்பினதெண்டன். உன்ர மனிசன் எங்க எண்டான். சுவிஸ் எண்டன். அங்க என்ன வேலை எண்டான். வாய் தவறி, றோட்டுப் போடுறார் எண்டிட்டன்."

"ஐயோ."

"பெரியவனக் கூப்பிட்டாங்க. அவன் வந்து ஒவ்வொரு துண்டா வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிறான். பஸ்ஸில வந்த சனம் வெயிலுக்க நிண்டு என்னைத் திட்டுது. கொண்டக்டர் சொல்றான், 'அக்கா, உங்கட மனிசனுக்குச் சொக்லட் கிடைக்கல்லையா அங்க?' எண்டு."

"மறுகா?"

"மறுகா உங்கட மகள் மண்ணில குந்தி, அந்த ஆட்டுக்குட்டியெல்லாத்தையும் அடுக்கி மேய்க்கத் துவங்கிட்டாள். அதைப் பாத்துத்தான் அவனுக்குச் சிரிப்பு வந்த. தனக்கும் ஒரு மகள் இருக்காம். ஒரு ஆட்டைத் தாவெண்டு கேட்டான். கறிக்கெண்டு குடுத்திட்டன்."

"மிச்சம்?"

"மிச்சத்தப் பனிச்சங்கேணிப் பாலத்தில வச்சு அப்படியே வாவிக்குள்ள எறிஞ்சிட்டன். இனி இந்த எழவெல்லாம் அனுப்பாதீங்க."

7

விசா வந்தது. மூன்று வாரம் அவள் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் போன் எடுத்தாள்.

"வாறன். பிள்ளைக்குத் தகப்பன் வேணும். ஆனா பைய அவிழ்க்க மாட்டன். அந்த மண்டபத்த என்ர கண்ணால பாப்பன். சூதெண்டு கண்டா, அடுத்த பிளேனில திரும்பிருவன்."

வந்தார்கள். மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு என்னைக் குரலாக மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்த்தால் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேட்டால், வெளியே நின்று, "ஓம் அப்பா, நீங்க?" என்று கேட்பாள். கதவைத் திறந்தால் ஓடிவிடுவாள். என்னுடைய பிள்ளைதான், சந்தேகமில்லை.

இராசமணி சொன்னபடியே செய்தாள். பை வாசலோரம் நின்றது. காலையில் உடுப்பை எடுத்து உடுத்துவாள். மாலையில் துவைத்துக் காய்ந்ததை மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைத்துப் பையின் சிப்பை இழுத்துப் பூட்டுவாள். அந்தச் சிப்புச் சத்தம் எனக்கு அடுத்த அறையிலும் கேட்கும். வெள்ளிக்கிழமை வந்தவர்கள். புதன் எப்போது வரும், வராமலே போகாதா என்று இரண்டு விதமாகவும் இருந்தது.

மண்டபத்து ஆட்களை எச்சரிக்கவேண்டும் என்று வெர்னரிடம் போனேன். "என் மனைவி வருகிறா. தோற்பவர்கள் மேசையில் குத்தவேண்டாம்," என்றேன். வெர்னர் இதை மிகவும் பாரதூரமாக எடுத்துக்கொண்டார். புதன்கிழமை கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, தலையைப் படிய வாரி, வாசலில் வந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார்.

இராசமணி என் காதில், "இவன்தான் முதலாளியா?" என்றாள்.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் கொஞ்சம் குழம்பினாள். அவளுடைய அப்பா போன இடங்களில் செருப்புக் கழற்றும் வழக்கம் இல்லை. உர்சுலா கேக்கும் பாலும் கொண்டுவந்து மகளுக்குக் கொடுத்தாள். இராசமணி எனக்குப் பின்னால் ஒரு கதிரையில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். காசு எங்கிருந்து எங்கே போகிறது என்று எல்லாருடைய கையையும் பார்த்தாள். ஒரு கையிலும் காசு இல்லை. அதனால் சந்தேகம் கூடியது.

தீவை விரித்தோம். நான் உருட்டிய தாயக்கட்டை மேசையைத் தாண்டிக் கீழே விழுந்தது. அரை மணி நேரத்தில் என்னிடம் வழக்கம்போலச் செங்கல் சேர்ந்தது. உர்சுலாவின் கை வழக்கம்போல வெறுமையாக எனக்குப் பட்டது. யோசிக்காமல் ஒரு செங்கல்லைத் தள்ளிவிட்டேன்.

முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"என்ன வேல பாக்கிறீங்க? சும்மாவா குடுக்கிற?"

"அவட கையில ஒண்டுமில்ல, புள்ள."

"அவட கையில ஆடு மூண்டு கிடக்கு, கண் தெரியல்லையா? ரெண்டை வாங்கிட்டுக் குடுங்க. இஞ்சால எழும்புங்க நீங்க!"

எழும்பினேன். அவள் இருந்தாள். கைப்பையை என்னிடம் தந்தாள். யாரிடமும் விதி கேட்கவில்லை. சொல்லிக் கொடுக்க வெர்னர் வாயைத் திறந்தார். அவள் இரண்டு ஆட்டைக் காட்டி, அவருடைய நெல்லைச் சுட்டி, ஒரு விரலை உயர்த்தினாள். வெர்னர் இரண்டு விரல் காட்டினார். அவள் 'சீ' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உர்சுலாவிடம் போனாள். வெர்னர் அவசரமாக ஒரு விரலுக்கு இறங்கினார். வாழைச்சேனைச் சந்தையில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. அப்பனின் இரத்தம் என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது.

கடைசியில் வெர்னர் அவளை நாலாபக்கமும் மறித்துவிட்டார். றோட்டுப் போட நிலமில்லை. இராசமணி கொஞ்சமும் யோசிக்காமல் கடலுக்கு மேலால் றோட்டுப் போட்டாள்.

"கடலில் றோட்டுப் போட முடியாது," என்று வெர்னர் புத்தகத்தை எடுத்தார்.

"என்னவாம்?"

"கடலுக்கு மேலால போடக்கூடாதாம்."

"பனிச்சங்கேணியில போடல்லையா? போட்டுத்தானே நாங்க பஸ்ஸில போறம். சொல்லுங்க அவருக்கு."

சொன்னேன். எங்கள் ஊரில் வாவிக்கு மேலால் பாலம் இருக்கிறது என்றேன். வெர்னர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கட்டியிருந்த ரையைத் தளர்த்தினார். பிறகு புத்தகத்தை மூடி வைத்தார். அதை அவர் மூடியதை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அவள் அந்தப் பாலத்தால் போய் வென்றாள். வென்ற கையோடு ஆளுக்கொரு மர ஆட்டைத் தூக்கி முன்னால் வைத்தாள்.

"இது எதற்கு? விளையாட்டு முடிந்துவிட்டதே," என்றார் வெர்னர்.

"கறி," என்று உர்சுலா அவருக்கு விளங்கப்படுத்தினாள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். கோடைகாலம், வெயில் இன்னும் இருந்தது. மகள் கேக் துண்டோடு முன்னால் போனாள். இராசமணி என்னிடமிருந்து கைப்பையை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தாள்.  வீட்டுக்குள் வந்ததும் அவள் நேரே பையிடம் போய்க் குந்தினாள். சிப்புச் சத்தம் கேட்டது. பிளேன் டிக்கட்டைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

உடுப்புகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். ஒவ்வொன்றாக. அடியில் சேலைத் துண்டால் கட்டிய ஒரு பெட்டி இருந்தது. மூலைகள் தேய்ந்து, ஒரு பக்கம் மழையில் ஊறிக் காய்ந்து போயிருந்தது. திறந்தாள். மரத் துண்டுகள் எல்லாம் கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தன. றோட்டுகளில் ஒன்றில் மஞ்சள் கறை. ஆடுகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. அந்த இடத்தில் ஒரு சின்னச் சிப்பி இருந்தது.

"வாவியில எறிஞ்சனெண்டு சொன்ன?"

"எறியத்தான் தூக்கினன். உங்கட மகள் விடல்ல. மறுகா பக்கத்து வீட்டு ஆக்கள் விடல்ல. பின்னேரமானா வாசலில வந்து குந்திருவாங்க. புத்தகத்த வாசிக்கத் தெரியாது, நாங்களே சட்டம் போட்டம்."

"அப்ப இது சூதில்லையெண்டு உனக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சும் ஏன் புள்ள பைய அவிழ்க்கல்ல?"

அவள் சிப்பியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"விளையாட்டத் தெரியும். உங்களத்தான் தெரியல்ல. அஞ்சு வருசம். ஆள் மாறிட்டோ எண்டு எப்படிப் பாக்கிற? போனில 'ம்' எண்டுறீங்க. நேரில அதுவுமில்ல." சிப்பியைப் பெட்டிக்குள் வைத்தாள். "அந்தக் கிழவிக்குச் சும்மா செங்கல் குடுத்தீங்களே. அப்பதான் கண்டன், கரையில நிண்ட அதே மனிசன்தான் எண்டு."

"அதுக்கா முதுகில குத்தின?"

"குத்தாம? நல்ல செங்கல்."

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மகள் கேட்டாள், "அப்பா, நீங்க சிவப்பா நீலமா?"

"நீலம்," என்றேன். கதவு திறந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் வந்து, தரையில் தீவை விரித்தாள்.

"இருங்க," என்றாள் இராசமணி. "வாகரைச் சட்டம். கடலுக்கு மேலால றோட்டுப் போடலாம். கறிக்கும் குடுக்கலாம். ஆனா எனக்கு மட்டும்."